கூப்பிட்டால் வருகிறாள், ஆனால் கைக்கு எட்டாமல் இரண்டடி தள்ளி நிற்கிறாள்

பொட்டுவீடு (கேள்வி)

வணக்கம். எங்கள் நாய் பொட்டுவுக்குப் பத்து மாதம் ஆகிறது. பெண், கலப்பினம், நடுத்தர உயரம். குட்டியாக வந்த புதிதில் "பொட்டு, வா" என்று சொல்லி முடிப்பதற்குள் காலைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். ஆறேழு மாதத்துக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. இப்போது வீட்டுக்குள் கூப்பிட்டால் பாதி நேரம் வருகிறாள். வெளியே திறந்த இடத்தில் செயினைக் கழற்றிவிட்டால் பத்து தடவை கூப்பிட்டாலும் தலையைத் தூக்காமல் மோப்பம் பிடித்துக்கொண்டே போகிறாள்.

போன வாரம் கேட் சரியாகச் சாத்தாமல் இருந்ததில் வெளியே ஓடிவிட்டாள். நான் கத்திக்கொண்டே துரத்த, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இன்னும் வேகமாக ஓடினாள். சாலையில் ஒரு வண்டி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது, மயிரிழையில் தப்பினாள். கால் மணி நேரம் கழித்துத் தானாகவே என்னிடம் வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பயத்திலும் கோபத்திலும் முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டேன். அன்றிலிருந்து புதிதாக ஒரு பழக்கம். கூப்பிட்டால் வருகிறாள், ஆனால் கைக்கு எட்டாதபடி இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறாள். நான் ஒரு எட்டு வைத்தால் அவளும் ஒரு எட்டு பின்னால் போகிறாள், வாலைத் தாழ்த்தி மெதுவாக ஆட்டிக்கொண்டே. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

தெரிந்தவர் ஒருவர் இன்னும் நாலு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் ஷாக் காலர், அதாவது பொத்தானை அழுத்தினால் கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் பட்டை, வாங்கச் சொல்கிறார். எனக்கு இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர முடியுமா, இல்லை இந்த வயதுக்கு மேல் மாறாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாலாட்டி

முடியும், தைரியமாக இருங்கள். நான் வளர்த்த மூன்றும் வயது வந்தபிறகு என்னிடம் வந்தவைதான், மூன்றும் கற்றுக்கொண்டன.

முதலில் அந்த இரண்டடியைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் அடித்தது அவள் கேட்டைத் தாண்டி ஓடியதற்காக. அவளைப் பொறுத்தவரை அது கால் மணி நேரத்துக்கு முந்தைய கதை. நாய் எந்த விளைவையும் அதற்குச் சற்று முன்பு, ஓரிரு நொடிக்குள் தான் செய்ததோடுதான் சேர்த்துப் பார்க்கும். அடி விழுவதற்கு முந்தைய நொடியில் அவள் என்ன செய்தாள்? உங்களிடம் வந்தாள். ஆகவே ஓடக்கூடாது என்பதை அவள் கற்கவில்லை, உங்கள் கை எட்டும் தூரத்துக்குள் வந்தால் வலிக்கும் என்பதைத்தான் கற்றிருக்கிறாள். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அந்த நிலையில் யாராக இருந்தாலும் கை போயிருக்கும். ஆனால் இனி எவ்வளவு தாமதமாக வந்தாலும், எவ்வளவு சேறு பூசிக்கொண்டு வந்தாலும், வந்ததற்குக் கிடைப்பது நல்லதாக மட்டுமே இருக்க வேண்டும். இதில் ஒருமுறைகூடத் தவறாதீர்கள்.

அடுத்து, அந்த அடிக்கு முன்பே அவள் வராமல் இருந்திருக்கிறாள் இல்லையா, அதற்குக் காரணம் வேறு. ஒரே ஒரு நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு, வீட்டில் யார் எப்போது எதற்காக அவளைக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். குளிப்பாட்ட, நகம் வெட்ட, காதில் மருந்து விட, வெளியே போகும்போது உள்ளே அடைக்க, விளையாடிக்கொண்டிருக்கும்போது செயினை மாட்டி வீட்டுக்கு இழுத்து வர. நான் என் முதல் நாய்க்கு இப்படிக் குறித்தபோது பதினான்கு அழைப்பில் பதினொன்று அதற்குப் பிடிக்காத விஷயத்தில் போய் முடிந்திருந்தது. இத்தனை மாதமாக "வா" என்ற சொல்லுக்கு அவள் கண்ட அர்த்தம் "சந்தோஷம் முடிந்தது" என்பதாக இருந்தால், அதைக் கேட்டு அவள் எதற்காக ஓடிவர வேண்டும்?

அதனால் "வா"வை விட்டுவிடுங்கள். எப்படியும் அது நல்ல சொல் இல்லை, நாள் முழுக்க வீட்டில் "சாப்பிட வா", "சீக்கிரம் வா", "உள்ளே வா" என்று மனிதர்களுக்கே நூறு தடவை சொல்கிறோம், நாய் அதில் தனக்கானது எது என்று எப்படிப் பிரிக்கும். புதிதாக ஒரு சொல் வையுங்கள். நான் "இந்தா இந்தா இந்தா" என்று மூன்று முறை இழுத்து, பாட்டு மாதிரி சொல்வேன். குரல் தானாகவே மேலே போய் இளகிவிடும், கோபத்தில் இருக்கும்போதுகூட அந்தச் சொல்லைக் கடுமையாகச் சொல்ல வராது.

முதல் மூன்று நாள் அவளை எங்கிருந்தும் கூப்பிட வேண்டாம். பக்கத்தில் நிற்கும்போது சொல்லைச் சொல்லுங்கள், ஒரு நொடி விட்டு, கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தரையில் போடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. அவள் எதுவும் செய்யத் தேவையில்லை. இங்கே வரிசை ரொம்ப முக்கியம்: சொல் முதலில், கை அப்புறம். பையில் கை போன பிறகு சொன்னால் அவள் கையைத்தான் படிப்பாள், உங்கள் சொல் வெறும் சத்தமாகவே போய்விடும். கையில் ஏதாவது இருந்தால்தான் நாய் வருகிறது என்று பலர் சொல்வார்களே, அது இப்படித்தான் உருவாகும். 1904இல் நோபல் பரிசு வாங்கிய இவான் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தபோது கவனித்ததும் இதையொட்டியதுதான், உணவுக்கு முன்னால் தவறாமல் வரும் ஒரு சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். நாம் செய்வது அந்தச் சத்தத்தை உருவாக்கும் வேலை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கழுத்து படக்கென்று திரும்பும், நெற்றிச் சுருக்கம் விரியும், உடம்பு திரும்புவதற்கு முன்னாலேயே முன்காலில் ஒன்று உங்கள் பக்கம் எழும்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சொல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அறையின் மறுமுனை, அடுத்த அறை, முற்றம் என்று தள்ளிக்கொண்டே போகலாம்.

அவள் கைக்குப் பயப்படுவதால் ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள். நேராக நின்று குனிந்து கையை நீட்ட வேண்டாம், தலைக்கு மேலிருந்து இறங்கும் கை அவளுக்கு இப்போது அடிக்க வரும் கைதான். பக்கவாட்டில் திரும்பிக் குந்திக்கொள்ளுங்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், துண்டை உங்கள் இரண்டு பாதங்களுக்கு நடுவில் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பின்னால் போனால் போகட்டும், பிடிக்காதீர்கள். நாலைந்து நாளில் அவளே நின்று அடுத்த துண்டுக்காகப் பார்ப்பாள். அப்போது தாடைக்குக் கீழிருந்து மெதுவாகக் கழுத்துப் பட்டையைத் தொட்டு, தொட்ட கையோடு ஒரு துண்டு கொடுத்து, விட்டுவிடுங்கள். தொடுதல், துண்டு, விடுதலை. இதைச் சலிக்காமல் நூறு தடவையாவது செய்ய வேண்டும்.

அப்புறம், சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். வரவில்லையென்றால் நீங்கள் போய் அழைத்து வாருங்கள், கோபமில்லாமல். வரமாட்டாள் என்று உங்களுக்கே தோன்றுகிற நேரத்தில் அந்தச் சொல்லை வாயிலேயே எடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட, துரத்தாதீர்கள். துரத்தினால் அது அவளுக்கு விளையாட்டு, இல்லையென்றால் பயம், இரண்டிலும் அவள் ஓடத்தான் செய்வாள். மறுபடி அப்படி நேர்ந்தால் எதிர்த்திசையில் ஓடுங்கள், முடிந்தால் தரையில் உட்கார்ந்து எதையோ கண்டுபிடித்தவர் போல மண்ணைக் கிளறுங்கள், பெரும்பாலான நாய்கள் என்னவென்று பார்க்கத் திரும்பி வரும்.

கயிறும்கையும்

வாலாட்டி சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். நான் கயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை வீட்டுக்குள் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே நேராகச் செயினைக் கழற்றிவிடுவதில்தான் பலபேருடைய உழைப்பு வீணாகிறது.

வீட்டுக்கும் திறந்தவெளிக்கும் நடுவே ஒரு நீளக் கயிறு வேண்டும். ஐந்து மீட்டரில் ஆரம்பித்து பத்து மீட்டர் வரைக்கும் போகலாம். பட்டையாக, இலேசாக, முடிச்சே இல்லாமல் இருக்கட்டும், முடிச்சு இருந்தால் செடியிலோ கல்லிலோ மாட்டும். முக்கியமாக, கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். பத்து மீட்டர் வேகமெடுத்து ஓடிய நாய் கயிறு முடியும் இடத்தில் வெடுக்கென்று நின்றால் கழுத்து அடிபடும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில், முதுகுப்பக்க வளையத்தில் மாட்டுங்கள். உங்கள் கையிலும் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை விரலில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன், நாய் ஒரு பறவையைப் பார்த்துப் பாய்ந்தது, மோதிர விரல் மூன்று வாரம் மடங்கவில்லை. கையுறை போட்டு, தளர்வாக மடித்துப் பிடியுங்கள், இல்லை தரையில் இழுபட விட்டுத் தேவைப்படும்போது நுனியை மிதியுங்கள்.

கயிறு அவளை இழுத்து வருவதற்காக இல்லை. நீங்கள் கூப்பிட்டு அவள் வராமல் அந்த மூலையில் கிடக்கும் எதையோ தின்றால், வராததற்கே அவளுக்குப் பரிசு கிடைத்துவிடுகிறது. அந்த வாய்ப்பை மூடுவதுதான் கயிற்றின் வேலை. நாலைந்து வாரமாவது இது இருக்கட்டும், அவசரப்படாதீர்கள்.

சொல்லுக்குப் பதிலாக விசில் வைத்துக்கொள்வதும் நல்லது. காற்றிலும் தூரத்திலும் கேட்கும், வீட்டில் யார் ஊதினாலும் ஒரே மாதிரி இருக்கும், பதற்றத்தில் குரல் உடைவது போல விசில் உடையாது. இதையும் துண்டோடுதான் பழக்க வேண்டும், வெறுமனே ஊதினால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

நேர்வழி

மற்றவர்கள் சொல்வது தவறு என்று சொல்லவில்லை, ஆனால் சாலையில் ஓடும் நாய்க்கு ஐந்து வாரம் பொறுக்க நேரமில்லை. உயிர் போனால் திரும்பாது. நான் ஷாக் காலர் குறைந்த அளவில் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன், என் நாய் இரண்டே நாளில் திரும்பி வரக் கற்றுக்கொண்டது. ஆபத்து பெரிதாக இருக்கும்போது சிறிய வலியைப் பற்றி யோசிக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

வாலாட்டி

நேர்வழி, உங்கள் கவலை புரிகிறது, உயிர் விஷயத்தில் எனக்கும் அதே பயம்தான். ஆனால் பொட்டு ஏற்கெனவே கை எட்டும் தூரத்தை வலியோடு சேர்த்து வைத்திருக்கிறாள். இப்படிப்பட்ட நாய்க்கு எங்கிருந்தோ இன்னொரு வலி வந்தால் அதை எதனோடு சேர்த்துக்கொள்வாள் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. என் தங்கை வீட்டு நாய்க்கு அதைப் போட்டார்கள். பொத்தானை அழுத்திய நேரத்தில் பக்கத்தில் ஒரு சைக்கிள் போனது. அது சைக்கிளைத்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டது, அதன்பிறகு சைக்கிள் சத்தம் கேட்டாலே நடுங்கிக் கட்டிலுக்கடியில் போகும், அதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வேல்ஸில் 2010இலிருந்து நாய்க்கும் பூனைக்கும் ஷாக் காலர் போடுவதையே சட்டம் தடுக்கிறது. ஐந்து வாரம் வரைக்கும் என்ன செய்வது என்றால், கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் கூடுதலாகப் போடலாம், வெளியே கயிறு இல்லாமல் விடாமல் இருக்கலாம். சாலை ஆபத்துக்கு உடனடி மருந்து அதுதான், பயிற்சி பின்னாலேயே வரட்டும்.

முதியதோழன்

வயதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குட்டியில் ஓடி வந்தவள் ஆறேழு மாதத்துக்குப் பிறகு குறைந்தாள் என்கிறீர்கள், அது உங்கள் தவறு மட்டும் இல்லை. நாய்க்கும் விடலைப் பருவம் உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட்ட ஒரு குழு வழிகாட்டி நாய்களுக்கான குட்டிகளை வைத்து இதைப் பார்த்து 2020இல் வெளியிட்டது. ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட குட்டிகள் எட்டு மாத வாக்கில், தங்களை வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்தது, அதே நேரம் வேறொருவர் சொன்னால் அப்படிக் குறையவில்லை. வளர்ந்தபிறகு பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அதாவது அவள் உங்களை வெறுக்கவில்லை, உங்களிடம்தான் முரண்டு பிடிக்கத் தோன்றுகிற வயதில் இருக்கிறாள். இந்தச் சில மாதத்தில் அடியும் திட்டும் விழுந்தால் அது நீடித்துவிடலாம்.

இன்னொன்று, என் நாய்க்குப் பதிமூன்று வயது, காது கிட்டத்தட்ட போய்விட்டது. நல்லவேளை, சின்ன வயதிலேயே சொல்லோடு சேர்த்து இரண்டு கையையும் அகல விரிக்கும் சைகையையும் பழக்கியிருந்தேன், இப்போது அதைப் பார்த்தே வருகிறது. இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அணைத்துப் போடுவேன். நீங்களும் இப்போதே ஒரு சைகையைச் சேர்த்துவிடுங்கள்.

பொட்டுவீடு

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். தாளில் குறித்தேன், பன்னிரண்டில் ஒன்பது. அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பத்து நாள் ஆகிறது. "இந்தா" வீட்டுக்குள் பிரமாதமாக வேலை செய்கிறது, கால் நடுவில் போட்ட துண்டை வந்து எடுக்கிறாள், நேற்று முதல்முறையாகத் தாடைக்குக் கீழே தொடவிட்டாள். ஆனால் நீளக் கயிற்றோடு வெளியே போனால் அதே கோழியை மூக்குக்கு நேராகக் காட்டினாலும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. தூரத்தில் இன்னொரு நாய் தெரிந்தால் கல் மாதிரி நின்றுவிடுகிறாள், நான் இருப்பதே அவளுக்குத் தெரிவதில்லை. இன்னும் நல்ல தீனி வாங்க வேண்டுமா?

கயிறும்கையும்

தீனியை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். வீட்டில் ஆசையாகத் தின்பதை வெளியே தொடவில்லையென்றால், அவள் தலைக்குள் வேறெதற்கும் இடமில்லாத அளவுக்குச் சுற்றிலும் விஷயங்கள் இருக்கின்றன என்று பொருள். இன்னொரு நாய் தெரிந்தால் விலகிப் போங்கள், அவள் மறுபடி தின்னத் தொடங்கும் தூரம் ஒன்று கண்டிப்பாக இருக்கும், அது ஐம்பது மீட்டரோ நூறு மீட்டரோ. அங்கிருந்துதான் உங்கள் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும், அங்கிருந்து ஒரு நாளைக்கு இரண்டு எட்டாக நெருங்கலாம்.

வாலாட்டி

அதோடு இதையும் சேருங்கள். பரிசு என்றால் தின்பதற்கு மட்டும் என்று இல்லை. டேவிட் பிரீமாக் என்ற உளவியல் அறிஞர் 1959இல் எழுதியது, அவர் பெயரிலேயே பிரீமாக் விதி என்று சொல்வார்கள்: ஒருவர் அதிகம் விரும்பிச் செய்வதை, குறைவாக விரும்புவதற்குப் பரிசாக வைக்கலாம். பொட்டுவுக்கு வெளியே கோழியைவிடப் பெரியது மோப்பம். அவள் ஒரு புதரை மோந்துகொண்டிருக்கும்போது மூன்று மீட்டர் தள்ளி நின்று கூப்பிடுங்கள். தலையைத் திருப்பி இரண்டு எட்டு உங்கள் பக்கம் வந்தாலே போதும், "போ, போ" என்று சொல்லி அதே புதருக்குத் திருப்பி அனுப்பி, நீங்களும் கூடவே போங்கள். வந்தால் புதர் பறிபோகும் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தவளுக்கு, வந்தால் புதர் திரும்பக் கிடைக்கிறது. ஒரு நடைக்கு இருபது தடவை கூப்பிட்டால் பத்தொன்பது தடவை விட்டுவிடுங்கள். கடைசி ஒருமுறை செயினை மாட்டியதும் உடனே வீட்டைப் பார்த்து நடக்காமல், அங்கேயே ஒரு நிமிடம் தடவிக்கொடுத்து, கொஞ்சம் விளையாடிவிட்டுக் கிளம்புங்கள்.

தீனி பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஒரு இனிப்பு) கலந்த எதுவும் வேண்டாம், இவையெல்லாம் நாய்க்கு விஷம். பயிற்சிக்குக் கொடுப்பதை அன்றைய சாப்பாட்டிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டுவீடு

ஏழு வாரம் ஆகிவிட்டது, சொல்லியே ஆக வேண்டும் என்று வந்தேன்.

புதர் யோசனைதான் எல்லாவற்றையும் திருப்பியது. முதல் நாள் கூப்பிட்டு, வந்தவளை "போ, போ" என்று அனுப்பியபோது அவள் நம்பாமல் என்னைப் பார்த்தபடியே நின்றாள், நான் முன்னால் நடந்த பிறகுதான் தயங்கித் தயங்கிப் போனாள். மூன்றாம் நாள் கூப்பிடாமலேயே நடுநடுவே தலையைத் தூக்கி நான் எங்கே என்று பார்க்க ஆரம்பித்தாள். இப்போது பத்து மீட்டர் கயிறு முழுதாகப் போன இடத்திலிருந்து, வேறொரு நாய் நாற்பது மீட்டர் தள்ளி நடந்துகொண்டிருக்கும்போதும், ஒரே தடவை கூப்பிட்டால் வருகிறாள். கிட்டே இருந்தால் இன்னும் முடியவில்லை. பூனை ஓடினால் சுத்தமாக முடியவில்லை.

இன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மைதானத்தின் மூலையில் எதையோ மோந்துகொண்டிருந்தாள், கூப்பிட்டேன், காதெல்லாம் பின்னால் பறக்க ஓடி வந்தாள். வழக்கம்போலப் பக்கவாட்டில் குந்தி, துண்டைப் பாதத்துக்கு நடுவில் போட்டேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, நேராக வந்து ஈரத் தாடையை என் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையைத் தூக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு "போ, போ" என்றேன், போனாள்.

கயிற்றை இன்னும் கழற்றவில்லை. கேட்டுக்கு இரண்டாவது தாழ்ப்பாளும் போட்டாயிற்று.